தனிநிலை

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்து நான்கு.
பேருந்திலிருந்து ஓடி வந்தவள்
விரல் விறைப்புப் போகக் குளிரறைக்குள் நுழைகிறேன்.
உள்ளே நாலு டிகிரி. இதமாக இருக்கிறது.
கதவில் 'குளிரறை' என்று எழுதி ஒட்டியவன்
ஜனவரியில் ஒட்டியிருக்க மாட்டான்.

தட்டில் என் பதினேழாவது புரதம்.
இருபதே எழுத்து உள்ள நெடுங்கணக்கில்
நூற்றெண்பத்தாறு எழுத்து நீளத்துக்கு
நான் எழுதிய ஒற்றைச் சொல்.
கணினி அதை மடித்துக் காட்டியிருந்தது:
எண்ணெய்க் குணத்தவை நீருக்கு முகம் கொடாமல்
உள்ளே பதுங்கும்.
மும்மூன்றாய்க் கைகோக்கும்.
எட்டு மும்மைகள் ஒரு கனசதுரத்தின்
எட்டு மூலைக்கும் தாமே போய் அமரும்.
ஆணி இல்லை, பசை இல்லை, மேஸ்திரி இல்லை;
ஓயாமல் இடித்துத் தள்ளும் நீர்தான்
கூட்டியும் வைக்கும்.
நடுவில் ஓர் அறை,
மருந்தில் துளியினும் துளி தங்கிப் போக.

திரையில் அப்படித்தான் இருந்தது.

ஒலேனா செப்பு வலையில் ஒரு சொட்டு வைத்து
யுரேனிய உப்பால் சாயம் ஏற்றுகிறாள்.
"எங்கள் மாகாணத்துச் சரக்கு" என்று
ஒவ்வொரு முறையும் சொல்வாள்,
ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பாள்.
வடிதாளின் ஓரத்தால் ஒரு ஒற்று.
நுண்ணோக்கியின் சாம்பல் திரையில்
கூண்டு ஒன்றுகூட இல்லை.

ஃ
          ஃ
   ஃ              ஃ

எங்கே நகர்த்தினாலும் முப்புள்ளி.
மூன்று கூடியது. அதற்கு மேல்
யாரோடும் கூட மாட்டேன் என்கிறது.

நான் சிரித்ததில் ஒலேனா பயந்துவிட்டாள்.
"எங்கள் எழுத்து இது" என்றேன்.
"உயிரும் இல்லை, மெய்யும் இல்லை.
பேரே தனிநிலை."
சொன்ன பிறகுதான் உறைத்தது,
ஏழாம் வகுப்பில் அரை மதிப்பெண் போன இடம்:
பேர்தான் தனிநிலை,
எந்தச் சொல்லிலும் அது தனியே நின்றதில்லை.
முன்னால் ஒரு குறில் வேண்டும்.
பின்னால் ஒரு வல்லினம் வேண்டும்.

என் புரதத்துக்கு முன்னால்
ஏழு எழுத்துக்குத் தொளதொளத்த ஒரு கயிறு.
பின்னால் எலும்பில்லாத ஒரு வால்.

இது அறிவியல் இல்லை, தெரியும்.
கட்டுரையில் 'ஆற்றல் கணக்கீட்டின்படி' என்றுதான் எழுதுவேன்.
ஆனாலும் அந்த இரவில்
தோன்றல், திரிதல், கெடுதல் என்று முணுமுணுத்தபடி
கயிற்றில் மூன்று எழுத்தைக் கெடுத்தேன்.
வாலில் ஆறைத் திரித்து
விறைப்பான சுருளாக்கினேன்.
தோன்றல் எதுவும் இல்லை,
விடிகாலை நான்கு மணிக்குத் தோன்றிய பசியைத் தவிர.

மரபணு தபாலில் வரப் பதினொரு நாள்.
அதற்குள் ஆறு பாலத்துக்கு அடியிலும் உறைந்திருந்தது.
பாக்டீரியா குடுவைகள் இரவெல்லாம் குலுங்கி
அழுக்குச் சாக்ஸ் வாசத்தோடு என் சொல்லை
கோடிக்கணக்கில் உச்சரித்தன.
வடித்துச் சுத்தம் செய்து வைத்த குழாய்
மறுநாள் காலை
அரிசி களைந்த நீராய்க் கலங்கிக் கிடந்தது.

"திரண்டுவிட்டது. கொட்டிவிடு" என்றாள் ஒலேனா.
நானும் தொட்டி வரை கொண்டு போனேன்.
என்ன நினைத்தேனோ,
ஒரு சொட்டு மட்டும் வலையில் வைத்தேன்.

கூண்டு இல்லை.
பாய்.
முப்புள்ளி முப்புள்ளியைப் பிடித்து
அது இன்னொன்றைப் பிடித்து
அறுகோணம் அறுகோணமாக
திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை
ஓர் அணுப் பிசகாமல், மடிப்பு விழாமல்.
நகர்த்தினேன். இன்னும் இருந்தது.
நகர்த்தினேன்.
ஒலேனா தன் இருக்கையை இழுத்துக்கொண்டு வந்து
பேசாமல் உட்கார்ந்தாள்.

இதில் மருந்து வைக்க இடம் இல்லை.
வியாழக்கிழமைக் கூட்டத்தில்
'எதற்குப் பயன்?' என்று கேட்பார்கள்;
என்னிடம் பதில் இல்லை.

குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினேன்:
கேட்டது அஃது.
வந்தது இஃது.

குழாயைத் திரும்பக் குளிரறையில் வைத்து
விளக்கை அணைத்தேன்.
கடைசிப் பேருந்துக்கு ஆறு நிமிடம்.
கையுறையில் ஒன்றைக் காணவில்லை.